டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக் சைலன்சருக்கு வீட்டுலயே பஞ்சு மாத்த முடியுமா?

தம்பி கேட்டிருக்கறது இதான்: செகண்ட் ஹேண்ட்ல ஒரு 125 சிசி டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக் வாங்கிருக்காரு, சத்தம் ஒடஞ்சு கணகணன்னு வருது, சைலன்சர் ஜாயிண்ட்ல கருப்பா எண்ணெய் ஒழுகுது, கடைல கேட்டா உள்ள பஞ்சு போச்சு புது சைலன்சரே போட்டுருங்கன்றாங்க, வீடு திருவொற்றியூர், நாமளே மாத்தலாமா, எந்த பஞ்சு வாங்கறது.

தாராளமா மாத்தலாம் தம்பி. புது சைலன்சருக்கு துட்டு செலவு பண்ணாதீங்க. வெளிக்கூடு நசுங்காம, உள்ள இருக்கற ஓட்ட பைப் விரிசல் விடாம இருந்தா அது பாட்டுக்கு ரொம்ப வருஷம் ஓடும், தீந்து போறது பஞ்சு மட்டும்தான். ஆனா ஒண்ணு, நீங்க சொன்ன ரெண்டுல சத்தத்த விட அந்த எண்ணெய் ஒழுகறதுதான் முக்கியம். அத கவனிக்காம பஞ்ச மட்டும் மாத்துனா புதுசும் சீக்கிரமே ஊறிப்போயிடும்.

உள்ள என்ன நடக்குதுன்னு மொதல்ல புரிஞ்சிக்கோங்க. இஞ்சின்ல இருந்து வந்து நடுவுல பெருத்து இருக்கே அதான் எக்ஸ்பேன்ஷன் சேம்பர், அங்கருந்து திரும்பி வர அழுத்த அலைதான் வெளிய ஓடப்பாக்கற பெட்ரோல் கலவைய மறுபடி சிலிண்டருக்குள்ள தள்ளுது, டூ ஸ்ட்ரோக்கோட பவரே அதுலதான் இருக்கு. அதுக்கு பின்னாடி மாட்டிருக்கற அலுமினிய டப்பாதான் சைலன்சர். நடுவுல சல்லட மாதிரி ஓட்ட போட்ட ஒரு பைப், அத சுத்தி கிளாஸ் ஃபைபர் பஞ்சு, அவ்ளோதான். சத்தம் அந்த ஓட்ட வழியா பஞ்சுக்குள்ள பூந்து இழைங்களுக்கு நடுவுல இருக்கற காத்துலயே அடங்கிடுது. பஞ்சு எண்ணெய் குடிச்சு கெட்டியாச்சுன்னா காத்துக்கு எடமே இல்ல, கருகி பறந்துட்டா வெறும் டப்பாதான், ரெண்டுலயும் சத்தம் ஏறும். அதுக்கு மேல அந்த பைப்புக்குள்ள கரி படிஞ்சு வழி குறுகிடுச்சுன்னா பின்னழுத்தம் ஏறி இஞ்சின் சூடாகும், பிஸ்டன் சிலிண்டருக்குள்ள இறுகிப் புடிச்சுக்கற வரைக்கும் போகும், அதனால இத வெறும் சத்தப் பிரச்சனன்னு விட்றாதீங்க.

கழட்டறது. சில மாடல்ல ஸ்க்ரூ இருக்கும், நிறைய மாடல்ல ரிவெட்டு. கழட்டறதுக்கு முன்னாடி கூடு எந்தப் பக்கம் எப்டி உக்காந்திருக்குன்னு மார்க்கர்ல ஒரு கோடு போட்டுக்கோங்க. ரிவெட்டு நடுவுல ஒரு ஆணித்துண்டு நிக்கும், அத ஆணி மாதிரி இருக்கற சின்ன பஞ்ச் டூல் வெச்சு உள்ள தட்டிட்டு அப்புறமா ட்ரில் வெய்ங்க, இல்லன்னா பிட்டு வழுக்கி கூட்ட கீறிடும். ரிவெட்டு பெரும்பாலும் 4.8 மிமீ, 5 மிமீ பிட்டு போதும், தல கழண்டாச்சுன்னா நிறுத்திடணும், ஓட்டைய பெருசாக்கக் கூடாது. ரிவெட்டு ட்ரில்லோட சேந்து சுத்துனா தலைய ஒரு ஸ்க்ரூ டிரைவரால அழுத்திப் புடிங்க. உள்ள விழுந்த ஆணித்துண்டு எல்லாத்தயும் பொறுக்கி எடுத்துரணும், ஒண்ணு விட்டாலும் கடகடன்னு ஆடிட்டே இருக்கும். உங்க ஏரியா கடலோரம், உப்புக்காத்துல அலுமினியம் வெள்ளையா பூத்து கூடும் மூடியும் ஒட்டிக்கிட்டு இருக்கும், சுத்தியல் எடுத்து அடிச்சிராதீங்க, துரு இளக்கற எண்ணெய் ஊத்தி ராவெல்லாம் விட்டு காலைல மரக்கட்ட வெச்சு சுத்தி சுத்தி மெதுவா தட்டுனா வந்துரும்.

தெறந்து பாத்தீங்கன்னா பஞ்சே கத சொல்லும். இஞ்சின் பக்கம் தார் மாதிரி கருப்பா சொதசொதன்னு, கையில எடுத்தா 2டி ஆயில் வாட, பின்பக்கம் போகப்போக சாம்பல் கலரு, கூட்ட ஒட்டுன எடத்துல மட்டும் கொஞ்சம் வெள்ள இழை மிச்சம் இருக்கும். இத தொடறப்போ க்ளவுஸ், மாஸ்க், முழுக்கை சட்ட கட்டாயம். அப்புறம் பழைய பஞ்ச தெருவுல போட்டு கொளுத்தாதீங்க, கவர்ல கட்டி குப்பைத்தொட்டில போடுங்க, பக்கத்துல பசங்க வெளையாடற எடம்.

அடுத்தது சுத்தம் பண்றது, இங்க நம்ம ஆளுங்க ஒரு தப்பு பண்றாங்க. ஆர்எக்ஸ் 100 காலத்துல இருந்தே கரி எடுக்க காஸ்டிக் சோடாவுல ஊற போடற பழக்கம் இருக்கு. அதுல இருக்கறது இரும்பு, தாங்கும். டர்ட் பைக்ல கூடு, மூடி எல்லாம் அலுமினியம், காஸ்டிக் பட்டா பொங்கி அரிச்சு தின்னுடும், ஹைட்ரஜன் வாயு வேற கெளம்பும். கூட்டுக்கு டீசலும் சோப்புத்தண்ணியும் போதும். ஓட்ட பைப் இரும்புதான்னா வெளிய வெச்சு கேஸ் டார்ச்சுல கரிய எரிச்சுட்டு கம்பி பிரஷ் போடுங்க, ஆனா மூடியோட சேத்து வெல்டு பண்ணதா இருந்தா நெருப்ப மூடி பக்கம் காட்டாதீங்க, அலுமினியம் 660 டிகிரில உருகிடும். ஒவ்வொரு ஓட்டையும் வெளிச்சத்துல தெரியணும்.

இப்ப பஞ்சு. ஏசி டக்ட்டுக்கு, கூரைக்கு போடற கிளாஸ் வூல் வேணவே வேணாம், அதுல இழை குட்டை, ஒட்டறதுக்கு போட்ட பசை சூட்டுல எரிஞ்சதும் தூள்தூளா பின்னாடி பறந்துரும். பழைய பட்டறைங்கள்ல ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுத்தித் தரேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, நுரையீரல் கேன்சர் வர வைக்கற சமாச்சாரம் அது. காசிமேட்டுல ஃபைபர் படகுக்கு போடற மேட் கிடைக்குதே அத போடலாமான்னு பசங்க என்னை கேட்டுட்டே இருப்பாங்க. அந்த மேட்டும் துண்டு துண்டா வெட்டுன இழைதான், பசை போட்டு ஒட்டுனது, வேணாம். அதே கடைல உருளையா சுத்தி வெச்சிருப்பாங்களே ரோவிங், அது நீள இழை, பெரும்பாலும் ஈ கிளாஸ்ன்ற சாதாரண கண்ணாடி இழை வகை, சைலன்சர் பஞ்சும் அதுலருந்துதான் வருது. ஆனா சைலன்சருக்குன்னு விக்கறத காத்தடிச்சு உப்ப வெச்சிருப்பாங்க, ரோவிங் அப்டியே சுத்துனா கயிறா இறுகிப் படுத்துரும், காத்து நிக்க எடம் இருக்காது. கொஞ்சம் விலை ஆனாலும் டூ ஸ்ட்ரோக் சைலன்சர் பேக்கிங்னே கேட்டு வாங்குங்க, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் கிடைக்கலன்னா ஆன்லைன்ல கிடைக்கும்.

எவ்ளோ போடணும்னு பழைய பஞ்ச எட போட்டு பாக்காதீங்க, அதுல பாதி எண்ணெய்தான். பைப்ப சுத்தி ஒரே அளவா சுத்தி மாஸ்கிங் டேப்ல அங்கங்க ஒட்டுங்க, டேப் அப்புறம் எரிஞ்சு போயிரும், பயப்படாதீங்க. கூடு கையால அழுத்தித் தள்ளுனா இறுக்கமா ஏறணும், அதான் அளவு. சுத்தியல் தேவப்பட்டா ஜாஸ்தி திணிச்சிட்டீங்க, லொடலொடன்னு ஏறுனா பஞ்சு உள்ளயே ஆடி சீக்கிரம் கிழிஞ்சிரும். மூடி ஓரத்துல சூடு தாங்கற சிலிக்கான் மெல்லிசா தடவி ரிவெட்டு அடிச்சிட்டு ட்யூப்ல போட்டிருக்கற நேரம் வரைக்கும் காய விடணும்.

அந்த ஒழுகற எண்ணெய்க்கு வருவோம். மொதல்ல கலவ, அதாவது பெட்ரோல்ல கலக்கற 2டி ஆயில் அளவு. உங்க பைக் மேனுவல்ல 1:40னா லிட்டருக்கு 25 மிலி, 1:60னா சுமார் 17 மிலி, அளவு குப்பி வெச்சு ஊத்துங்க, குத்துமதிப்பா வேணாம். எண்ணெய் கம்மி பண்ணா ஒழுகாதுன்னு நெனச்சு குறைச்சீங்கன்னா பேரிங்கு போயிடும். நிறைய நேரத்துல உண்மையான காரணம் கார்பரேட்டர் ஜெட்டு, அதாவது பெட்ரோல் எவ்ளோ போகணும்னு முடிவு பண்ற சின்ன ஓட்டத் துண்டு. குளிர் ஊருக்கு செட் பண்ண ஜெட்டு நம்ம சென்னை வெயில்ல பெட்ரோல் ஜாஸ்தி குடுக்கும், ஏன்னா சூடான காத்து அடர்த்தி கம்மி. எரியாத மிச்சம் எல்லாம் பஞ்சுலதான் போய் சேருது. சின்ன எடத்துல மெதுவாவே ஓட்டிட்டு இருந்தாலும் இதே கததான். ஜெட்ட ஒரே தடவைல ரொம்ப இறக்காதீங்க, ஒரு நம்பர் இறக்கி, சூடாக ஓட்டி, பிளக்க கழட்டி கலர் பாருங்க, காப்பிக்கொட்ட பழுப்பு வந்தா சரி, வெள்ள வந்தா உடனே பழைய ஜெட்டுக்கு வந்துருங்க.

மொத தடவ ஸ்டார்ட் பண்றப்போ டேப்பும் மிச்ச எண்ணெயும் எரிஞ்சு புகையும், அத வீட்டு வாசல்ல பண்ணாதீங்க. நம்ம பக்கம் செவுத்தோட செவுரு வீடு, சட்டப்படி குடியிருப்புல பகல்ல 55 டெசிபல், ராத்திரி 10 மணிக்கு மேல 45தான், நல்ல பஞ்சு போட்ட டர்ட் பைக்கே அத தாண்டிடும். ரோட்ல ஓட்டற வண்டியும் இல்ல அது, டெம்போல ஏத்தி ட்ராக்குக்கு கொண்டு போய் அங்க ஸ்டார்ட் பண்ணுங்க. ஆறுனதும் ரிவெட்டு ஒவ்வொண்ணா தொட்டுப் பாருங்க, சேம்பரும் சைலன்சரும் சேர்ற எடத்துல இருக்கற ரப்பர் வெடிச்சிருந்தா அதயும் மாத்திருங்க, பஞ்சு நல்லா இருந்தும் அங்கருந்து கருப்பா ஒழுகும்.