நின்றால் சூடு, ஓடினால் குளிர்: பழைய காரின் ஏசியில் கோளாறு எங்கே?

கேள்வி: என் காருக்கு 12 வயது. ஓடும்போது ஏசி நன்றாகக் குளிர்கிறது. சிக்னலில் நின்றால் சூடான காற்றுதான் வருகிறது. இரண்டு முறை கேஸ் நிரப்பியும் சரியாகவில்லை. இப்போது கம்ப்ரஸரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். கம்ப்ரஸர் என்பது ஏசி கேஸை அழுத்திச் சுற்றவிடும் பம்ப்; அதை மாற்றுவது கடைசிப் படி. நின்றால் மட்டும் குளிர் குறைகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது கண்டன்ஸரும் (கேஸின் சூட்டை வெளியே விடும், ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள பாகம்) அதன் ஃபேனும்தான். ஓடும்போது எதிர்க்காற்றே கண்டன்ஸரைக் குளிர்விக்கும். நின்றபின் அந்த வேலை முழுக்க ஃபேனுடையது.

பானெட்டைத் திறந்து, ஏசியைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் சில நொடிகளில் ஃபேன் சுற்றத் தொடங்கும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகச் சோதிக்க வேண்டும். சுற்றினாலும் வேகம் போதுமா என்று கவனியுங்கள். கார்பன் பிரஷ் தேய்ந்த மோட்டார் மந்தமாகத்தான் ஓடும். கண்டன்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே படியும் தூசு வெளியிலிருந்து தெரியாது. பழைய கார்களில் அங்கே கம்பளி மாதிரி அடைத்திருக்கும்.

அடுத்து ஓர் எளிய சோதனை. காரை நிறுத்தியபடியே, ஏசி ஓடும்போது கண்டன்ஸர் மீது தண்ணீரைத் தெளியுங்கள். ஓரிரு நிமிடத்தில் உள்ளே குளிர் கூடினால் காற்றோட்டத்தில்தான் குறை. பிறகு, தண்ணீர் இல்லாமல், ஆக்ஸிலரேட்டரை மிதித்து இன்ஜினை 2000 ஆர்பிஎம்மில் வையுங்கள். எலக்ட்ரிக் ஃபேனின் வேகம் இதனால் மாறாது. இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கம்ப்ரஸரின் வேகம்தான் கூடும். இப்போது குளிர் நன்றாக வந்தால் கம்ப்ரஸர் பலவீனமாக இருக்கலாம், அல்லது கேஸ் குறைந்திருக்கலாம்.

எது என்பதை மெக்கானிக் மாட்டிப் பார்க்கும் கேஜ் (அழுத்தமானி) சொல்லும். ஆர்134ஏ வகை கேஸ், வெளியே 30 முதல் 35 டிகிரி, இன்ஜின் 1500 ஆர்பிஎம் என்றால், லோ சைடு (கேஸ் கம்ப்ரஸருக்குள் வரும் பக்கம்) ஏறத்தாழ 25–45, ஹை சைடு (அழுத்தப்பட்டு வெளியேறும் பக்கம்) 180–250 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். இரண்டும் குறைவாக இருந்தால் கேஸ் பற்றாக்குறை. லோ ஏறி, ஹை இறங்கியிருந்தால் கம்ப்ரஸர் மீது சந்தேகம் வரலாம். இரண்டுமே ஏறியிருந்தால் கண்டன்ஸர் அடைப்பு, ஃபேன் கோளாறு, அல்லது கேஸ் அதிகம். உங்கள் காரில் கேஸ் அதிகமாகியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஏற்கெனவே இருப்பதை வெளியேற்றி எடை பார்க்காமல் மேலே மேலே நிரப்பினால், நிற்கும்போது குளிர் இன்னும் மோசமாகும்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகும் பொருள் அல்ல. சில மாதங்களிலேயே குறைகிறது என்றால் கசிவு இருக்கிறது. கேஸோடு ஆயிலும் வெளியேறுவதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு அழுக்கு ஒட்டியிருக்கும். கண்டன்ஸரின் கீழ் விளிம்பு, குழாய் இணைப்புகளின் ஓ-ரிங், கம்ப்ரஸரின் ஷாஃப்ட் சீல் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். கேஸ் ஏற்றும் வால்வின் மூடியைக் கழற்றி, சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்றும் கவனியுங்கள். பலரும் மறந்துவிடும் இடம் இது.

கசிவை அடைத்தபின் டிரையரை (கேஸில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் பாகம்) மாற்ற வேண்டும். குறைந்தது 30 நிமிடம் வாக்குவம் போட்டு (உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி), பம்பை நிறுத்தி, கேஜ் முள் 15 நிமிடம் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வாக்குவம் இல்லாமல் கேஸ் ஏற்றினால் உள்ளே தங்கும் காற்று அழுத்தத்தை ஏற்றும். ஈரம் எக்ஸ்பேன்ஷன் வால்வில் (கேஸை அளவாக விட்டுக் குளிரச் செய்யும் சிறு துளை) உறைந்து அடைக்கும். கேஸை பானெட் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்கில், தராசு வைத்துத்தான் ஏற்ற வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு கம்ப்ரஸர்தான் காரணம் என்று உறுதியானால், பழையதைக் கழற்றியதும் அதன் ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். உலோகத் துகள் மின்னினால் புது கம்ப்ரஸர் மட்டும் போதாது. கண்டன்ஸர், டிரையர், எக்ஸ்பேன்ஷன் வால்வ் மூன்றையும் சேர்த்து மாற்றி, குழாய்களையும் கழுவ வேண்டும்; இல்லையென்றால் அதே துகள் புதியதையும் அரித்துவிடும்.