பயாஸ் செட்டிங் திரும்பத் திரும்ப அழிந்துபோவது ஏன்?

பழைய டெஸ்க்டாப், காலையில் ஆன் செய்தால் 'சிமாஸ் செக்சம் எரர்' என்று வந்து எஃப்1 அழுத்தச் சொல்கிறது, போர்டை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். பயாஸ் என்பது ஆன் செய்ததும் முதலில் ஓடி கம்ப்யூட்டரைத் தயார்செய்யும் புரோகிராம், அதன் செட்டிங்கை வைத்திருக்கும் சிறிய நினைவகம்தான் சிமாஸ். முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்.

தேதியும் நேரமும் சேர்ந்து பல வருடம் பின்னால் போயிருந்தால் பெரும்பாலும் போர்டில் இருக்கும் காசு வடிவப் பேட்டரிதான் காரணம். 1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி காலத்திலிருந்து கடிகாரமும் செட்டிங்கும் ஒரே சிறிய சிப்பில்தான் இருந்தன. அந்த மோட்டோரோலா சிப்பில் மொத்தமே 64 பைட், அதில் 14 கடிகாரத்துக்குப் போக மிச்சம் 50 பைட்தான் செட்டிங்குக்கு. மின்சாரம் இருக்கும் வரைதான் அதற்கு நினைவு, மின் இணைப்பு இல்லாதபோது அதைத் தருவது அந்தப் பேட்டரிதான். அதனால் பயாஸ் அந்த எண்களைக் கூட்டி, கூட்டுத்தொகையையும் (இதுதான் செக்சம்) அங்கேயே எழுதி வைக்கும், அடுத்த முறை ஆன் ஆகும்போது மறுபடி கூட்டிப் பார்க்கும், மளிகைச் சீட்டை வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்ப்பது மாதிரி. கணக்கு இடித்தால் எந்த எண் தவறு என்று அதற்குத் தெரியாது, ஆகவே எல்லாவற்றையும் தள்ளிவிட்டுக் கம்பெனி செட்டிங்கைப் போட்டுவிடும். உங்களுக்கு வரும் செய்தி அதுதான்.

இப்போதைய யூஈஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதில் வந்த முறை) போர்டுகள் பலவற்றில் செட்டிங், மின்சாரம் இல்லாமலும் நினைவு நிற்கும் ஃபிளாஷ் சிப்பில் இருப்பதால் பேட்டரி தீர்ந்தாலும் கடிகாரம் மட்டும் தவறிப்போகலாம். சில போர்டுகள் பேட்டரி போனதைக் கண்டதுமே தாங்களாக எல்லாவற்றையும் ரீசெட் செய்துவிடும்.

நம் வீடுகளில் இன்னொரு விஷயம் உண்டு. ராத்திரி சுவர் சுவிட்சையே அணைத்துவிடுகிறோம். சுவிட்ச் போட்டிருக்கும்போது, கம்ப்யூட்டர் ஆஃபில் இருந்தாலும், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) தரும் ஸ்டாண்ட்பை கரண்ட்டில் கடிகாரம் ஓடும், அணைத்துவிட்டால் முழுப் பாரமும் பேட்டரி மேல்தான்.

நேரம் சரியாக இருந்து செட்டிங் மட்டும் போகிறதா? அப்படியானால் கதை வேறு. ரேம் வேகத்தைக் கூட்டியிருந்தால், போர்டு பூட் ஆகத் திணறி, தானே டீஃபால்ட்டுக்குத் திரும்பியிருக்கலாம். பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகும் இப்படி நடப்பது சகஜம். புது பேட்டரி போட்டும் நேரம் நிற்கவில்லை என்றால் சிமாஸ் கிளியர் ஜம்பர் (செட்டிங்கை அழிப்பதற்காகப் போர்டில் இருக்கும் சிறு இணைப்பு) இடம் மாறி இருக்கிறதா, பேட்டரி ஹோல்டரில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் பிறகுதான் போர்டைச் சந்தேகிக்க வேண்டும்.

இந்தப் பேட்டரியை சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலும் கிடைக்கும், 3 வோல்ட். பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி மாற்றுங்கள். மாற்றும் முன் பயாஸ் பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், முக்கியமாக சாட்டா மோட் (டிஸ்க்கோடு போர்டு பேசும் முறை, ரெய்டு, ஏஹெச்சிஐ என்று இருக்கும்). விண்டோஸ் போட்டபோது ரெய்டில் இருந்தது ஏஹெச்சிஐக்கு மாறிவிட்டால் நீலத்திரைதான் வரும், அதைப் பார்த்துப் பயந்து ஃபார்மேட் செய்துவிடாதீர்கள், மோடைப் பழையபடி மாற்றினால் போதும். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் ரெக்கவரி கீயும் கையில் இருக்கட்டும், கேட்க வாய்ப்புண்டு.