கரிசலில் இட்ட மணிச்சத்து எங்கே போகிறது?

கேள்வி: கோவில்பட்டிப் பக்கம் மானாவாரிக் கரிசலில் பருத்தியும் உளுந்தும் பயிரிடுகிறேன். ஆண்டுதோறும் டி.ஏ.பி. (தழைச்சத்தும் மணிச்சத்தும் கொண்ட உரம்) இட்டும், மண் பரிசோதனையில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) ‘குறைவு’ என்றே வருகிறது. மூட்டையைக் கூட்டலாமா?

பதில்: வேண்டாம். இட்ட மணிச்சத்தில் அறுவடையோடு வெளியேறுவது சிறு பங்குதான். தழைச்சத்தைப் போல அது காற்றில் கலப்பதுமில்லை, கரிசலில் நீரோடு ஆழத்துக்கு இறங்குவதும் அரிது. மிச்சமெல்லாம் நிலத்திலேயே, ஆனால் வேர் எளிதில் எடுக்க இயலாத வடிவங்களில் இருக்கிறது. சுக்கான் கற்கள் (சுண்ணாம்புக் கற்கள்) கலந்த, கார அமில நிலை (pH) 8-க்கு மேற்பட்ட கரிசலில், கரைந்த பாஸ்பேட் (மணிச்சத்தின் உப்பு வடிவம்) சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து முதலில் ஓரளவு கரையும் உப்பாகவும், நாளடைவில் கரையவே மறுக்கும் உப்பாகவும் மாறிவிடுகிறது. செவ்வல் மண்ணிலோ இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்து வைக்கின்றன. இவை தவிர, மட்கில் கட்டுண்ட அங்கக வடிவமும் உண்டு. மானாவாரி நிலங்களில் மட்கு குறைவென்பதால் அந்த இருப்பும் சிறிதே.

சுண்ணாம்பு மண்ணுக்கு உரிய ஓல்சன் என்னும் பரிசோதனை முறை, பயிருக்கு எட்டக்கூடிய பகுதியை மட்டுமே மதிப்பிடுகிறது. எக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழ் இருந்தால் ‘குறைவு’ என்பது நம் ஆய்வகங்களின் வழக்கம். அமில மண்ணுக்கான பிரே முறையில் உங்கள் மண்ணைச் சோதித்திருந்தால், அம்முறையில் மணிச்சத்தைப் பிரித்தெடுக்கும் அமிலத்தையே சுண்ணாம்பு முறித்துவிடும் என்பதால், முடிவை நம்ப முடியாது. எம்முறை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மானாவாரியில் ஈரமும் ஒரு சிக்கல். பாஸ்பேட் மண்துகள்களைச் சுற்றியுள்ள நீர்ப்படலத்தின் வழியாகச் சில மில்லிமீட்டர் தொலைவே நகரும். மேல்மண் காய்ந்தால் அதுவும் நின்றுவிடும். எனவே மேலாகத் தூவிய உரம் காய்ந்த மண்ணிலேயே கிடக்க, வேர் கீழே ஈரத்தைத் தேடிப் போகிறது. விதைவரிசைக்குச் சற்றுக் கீழும் பக்கவாட்டிலும் உரம் விழுமாறு விதைப்பதே, மூட்டையைக் கூட்டுவதைவிட முதலில் செய்ய வேண்டியது. சூப்பர் பாஸ்பேட்டைத் தொழுவுரத்தோடு கலந்து ஊட்டமேற்றி இட்டால், சுண்ணாம்போடு அது நேரடியாகச் சேர்வது குறையும். பாஸ்போபாக்டீரியா (கட்டுண்ட மணிச்சத்தைக் கரைக்கும் நுண்ணுயிர்) உதவும், உரத்துக்கு மாற்றாகாது.

கேள்வி: செவ்வலுக்கும் கரிசலுக்கும் பாறை பாஸ்பேட் ஏற்றதா?

பதில்: கரிசலுக்கு அறவே ஏற்றதன்று, அது கரைய அமிலம் வேண்டும். செவ்வலிலும், மண் அமிலத்தன்மை உடையதாக இருந்தால் மட்டுமே இடலாம். செவ்வலில் துவரையைச் சேர்த்துப் பாருங்கள்: அதன் வேர் கசியும் பிசிடிக் அமிலம் இரும்போடு கட்டுண்ட மணிச்சத்தை விடுவிப்பதை, ஐதராபாத் அருகேயுள்ள இக்ரிசாட் என்னும் பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்டனர். கரிசலில் கொண்டைக்கடலையின் வேர்க்கசிவு சுண்ணாம்பு பாஸ்பேட்டை ஓரளவு கரைக்கிறது.