மழலையர் வகுப்பறையைத் தாண்டி என்ன வேலை இருக்கிறது?

கேள்வி: முன்பருவக் குழந்தைக் கல்வியில் பட்டம் முடித்திருக்கிறேன். குழந்தைகள் என்றால் பிடிக்கும். ஆனால் கடைசிவரை மழலையர் வகுப்பு ஆசிரியையாகவே இருக்க விருப்பமில்லை. வேறு வழி உண்டா?

பதில்: நிச்சயம் உண்டு. பிறந்ததிலிருந்து 8 வயது வரை ஒரு குழந்தை எப்படி வளர்கிறது என்பதைப் படித்திருக்கிறீர்கள். அந்த அறிவு பல இடங்களில் தேவைப்படுகிறது.

குழந்தைகள் காப்பக நிர்வாகம், பெற்றோர் வழிகாட்டித் திட்டங்கள், பாடத்திட்டம் எழுதுவது, சிறுவர் நூல், பொம்மை, செயலி தயாரிப்பு ஆகியவற்றில் பெரும்பாலும் இந்தப் பட்டத்தோடே நுழையலாம். 1969-இல் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' தொலைக்காட்சித் தொடரில் குழந்தை வளர்ச்சி ஆய்வாளர்கள் தயாரிப்பாளர்களோடு உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். குழந்தையின் கண் எந்த இடத்தில் திரையை விட்டு விலகுகிறது என்று கவனித்துக் காட்சிகளை மாற்றினார்கள்.

மருத்துவமனைகளில் விளையாட்டு நிபுணர் என்றொரு பணி இருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன் பொம்மைக்கு முகமூடி மாட்டிக் காட்டி, குழந்தையின் பயத்தைத் தணிப்பார்கள். இதற்குத் தனிச் சான்றிதழ் கேட்கும் நாடுகள் உண்டு.

பேச்சுக் குறைபாட்டுக்கான சிகிச்சை, குழந்தை உளவியல் போன்றவற்றுக்கு உங்கள் பட்டம் மட்டும் போதாது. மேற்படிப்பு வேண்டும், பல நாடுகளில் உரிமமும் வேண்டும். சேர்க்கைக்கு முன்பே அறிவியல் பாடங்களைக் கேட்கும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன; அதை இப்போதே விசாரித்துவிடுங்கள்.

எந்த வழியில் போனாலும் முதலில் ஓரிரு வருடம் வகுப்பறையில் இருங்கள் என்பேன். தரையில் உட்கார்ந்து குழந்தையைப் பார்த்த அனுபவம் இல்லாதவர் எழுதும் பாடத்திட்டம் வகுப்பில் எடுபடாது. அந்தக் காலத்தில் கவனிப்புக் குறிப்பு எழுதப் பழகுங்கள். 'இன்று நன்றாக விளையாடினான்' என்பது குறிப்பே அல்ல. 'மூன்று வயது. கோபுரம் சரிந்ததும் ஆசிரியரைத் திரும்பிப் பார்த்தான், உதவி கேட்கவில்லை. பெரிய கட்டையை அடியில் வைத்து மறுபடி அடுக்கினான்' என்பதுதான் குறிப்பு. இதில் அவனுடைய விடாமுயற்சி, சிந்தனை, ஆசிரியரோடு அவனுக்குள்ள உறவு மூன்றும் தெரிகின்றன.

அப்படிப்பட்ட குறிப்புகளில் நல்லவற்றைத் தொகுத்து, பள்ளியின் அனுமதி வாங்கி, பெயரும் படமும் நீக்கி, நேர்முகத் தேர்வுக்குக் கொண்டுபோங்கள்.