கேஸ் போட்டால் வாடை போகுமா?

மழை ஓய்ந்து வெயில் ஏறும் மாதங்களில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைகிற பல கார்களுக்கு ஒரே புகார்தான்: ஏசி போட்டால் நாறுகிறது. இந்த மாதம் வந்த கடிதங்களும் அதையே சொல்வதால் மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டேன். கிளட்ச், மைலேஜ் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வருடமான சின்னக் கார். காலையில் ஏசியைப் போட்டதும் காயாத துணி வாடை வருகிறது. சில நிமிடங்களில் போய்விடும். சர்வீஸில் 'கேஸ் கம்மி' என்று நிரப்பிக் காசு வாங்கிக்கொண்டார்கள். குளிர்ச்சி முன்பும் நன்றாகத்தான் இருந்தது. வாடை மட்டும் போகவில்லை.
- வாசகர், தாம்பரம்

குளிர்ச்சி நன்றாக இருந்தது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள் சார். அப்படியானால் கேஸுக்கும் இந்த வாடைக்கும் சம்பந்தமே இல்லை. ஏசி கேஸ் மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. எங்காவது ஒழுகினால்தான் குறையும். குறைந்தால் முதலில் குளிர்ச்சிதான் போகும். பானட்டைத் திறந்து பாருங்கள், ஒரு ஸ்டிக்கர் இருக்கும். உங்கள் வண்டிக்கு என்ன கேஸ், எத்தனை கிராம் என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். ஆர்-134ஏ, அல்லது புது வண்டி சிலவற்றில் ஆர்-1234ஒய்எஃப். அடுத்த முறை யாராவது 'கேஸ் கம்மி' என்றால், உள்ளே இருப்பதை மெஷினில் உறிஞ்சி எடுத்து எத்தனை கிராம் வந்தது என்று காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

வாடை வருகிற இடம் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கூலிங் காயில். மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாக அடுக்கிய ஒரு பெட்டி. ஏசி ஓடும்போது அது உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளிப்பக்கம் வியர்ப்பது போல, காற்றிலிருக்கும் ஈரம் அந்தத் தகடுகளில் நீராகப் படிந்து ஒரு குழாய் வழியே காருக்கு அடியில் சொட்டும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, நிறையவே சொட்டும்.

நாம் வீட்டு வாசலில் ஏசியையும் வண்டியையும் ஒரே நேரத்தில் அணைத்துவிட்டுப் போய்விடுகிறோம். தகடுகளில் ஒட்டிய நீர் அப்படியே நிற்கும். கூடவே தெருப்புழுதி, மகரந்தம், நம் தலைமுடித் தூள் எல்லாம் அதில் ஒட்டியிருக்கும். இருட்டு, ஈரம், வெயிலில் நின்ற காரின் சூடு. பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் இதைவிட என்ன வேண்டும்? மறுநாள் ப்ளோயரை, அதாவது காற்று ஊதும் விசிறியைப் போட்டதும் முதல் காற்று அவற்றின் வாடையை அள்ளிக்கொண்டு வருகிறது. காயில் குளிர்ந்து நீர் வழியத் தொடங்கியதும் கொஞ்சம் அடங்கும், அதற்குள் மூக்கும் பழகிவிடும்.

செலவில்லாத வைத்தியம் ஒன்று இருக்கிறது. வீடு வந்து சேர நான்கைந்து நிமிடம் இருக்கும்போதே ஏ/சி பட்டனை மட்டும் அணையுங்கள். ப்ளோயர் ஓடட்டும், வேகத்தைக் கூட்டுங்கள். வெளிக்காற்று உள்ளே வரும்படி மாற்றுங்கள். கேஸை அழுத்திச் சுற்ற வைக்கும் கம்ப்ரஸர் நின்றுவிடும், காயில் காயத் தொடங்கும். ஆட்டோமேட்டிக் ஏசி என்றால் ஏ/சி விளக்கு அணைந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பலர் ப்ளோயரை அணைத்துவிட்டு ஏசியை அணைத்ததாக நினைத்துக்கொள்கிறார்கள், அது உதவாது. கொட்டுகிற மழையில் ஓட்டிக்கொண்டே இதைச் செய்ய வேண்டாம், உள்கண்ணாடியில் பனி படரும். நிறுத்திய பிறகு, திறந்த வெளியில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஊத விடுங்கள். இன்ஜினை அணைத்த பிறகு தானே ஊதிக் காயவைக்கும் வசதி இப்போது சில புது மாடல்களில் வந்திருக்கிறது. உங்களுடையதில் இருந்தால் மெனுவில் அது ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள்.

லேசான வாடை இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைப் பாருங்கள், அடுத்த கேள்வி அதுதான்.

கேபின் ஃபில்டரை நானே மாற்றலாமா? ஒவ்வொரு சர்வீஸிலும் 'தட்டிப் போட்டிருக்கிறோம்' என்கிறார்கள்.
- வாசகி, திருச்சி

தாராளமாக மாற்றலாம் அம்மா. பெரும்பாலான கார்களில் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். பெட்டியைக் காலி செய்து, இரண்டு பக்கமும் உள்நோக்கி அழுத்தினால் கீழே தொங்கும். உள்ளே நீளமான பிளாஸ்டிக் மூடி. அதைக் கழற்றி ஃபில்டரை நேராக இழுக்க வேண்டியதுதான். விளிம்பில் காற்று போகும் திசைக்கு ஓர் அம்புக்குறி இருக்கும். பழையது எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அப்படியே புதியதும். இழுப்பதற்கு முன்னால் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் குழப்பம் வராது.

வருடத்துக்கு ஒரு முறை, அல்லது 10,000 முதல் 15,000 கிலோமீட்டருக்குள் மாற்றுவது பொதுக்கணக்கு. கிரஷர் லாரி ஓடுகிற சாலையில் தினமும் போகிறீர்கள் என்றால் 5,000-த்திலேயே எடுத்துப் பார்த்துவிடுங்கள். தட்டிப் போடுவது ஒன்றிரண்டு முறைக்குச் சரி. சிலர் தண்ணீரில் அலசிக் காயப்போட்டு மாட்டுகிறார்கள். காகித ஃபில்டரை நனைத்தால் அதுவே பூஞ்சைக்கு வீடு. கரித்தூள் சேர்த்த ஃபில்டர் கொஞ்சம் விலை கூட, ஆனால் வெளியிலிருந்து வரும் புகை நாற்றத்துக்குக் கேட்கும். காயிலில் ஏற்கெனவே பிடித்திருக்கும் பூஞ்சையை அது ஒன்றும் செய்யாது, காரணம் காற்று ஃபில்டரைத் தாண்டித்தான் காயிலுக்குப் போகிறது.

பழைய சின்னக் கார்கள் சிலவற்றில் ஃபில்டருக்கு இடம் இருக்கும், ஃபில்டர் இருக்காது. கையை விட்டுப் பாருங்கள். பக்கத்திலேயே இன்னொரு வேலை: முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் ஓரத்தில் இருக்கும் ஜல்லடை. புங்க மரம், வேப்ப மரத்து நிழலில் நிறுத்துகிறவர்களுக்குப் பூவும் சருகும் அதற்குள் சேர்ந்து மழையில் ஊறி அழுகும். ஏசி இழுக்கிற காற்று அந்த வழியாகத்தான் வருகிறது.

டிரைவருக்கு இடப்பக்கம் கால் வைக்கும் இடத்தில் மேட் எப்போதும் ஈரம். வெயிலில் காயவைத்தாலும் மறுபடி நனைகிறது. வண்டி முழுக்க முடை நாற்றம்.
- வாசகர், நாகர்கோவில்

மழை பெய்யாத நாளிலும், ஏசி போட்டால் மட்டும் நனைகிறதா? அப்படியானால் காயிலின் தண்ணீரைக் கீழே விடும் குழாய், டிரெய்ன் பைப், அடைத்திருக்கிறது. பத்துப் பதினைந்து நிமிடம் ஏசியை ஓட விட்டுக் காருக்கு அடியில் பாருங்கள். உங்கள் ஊர்க் காற்றுக்குத் தண்ணீர் சொட்டியே ஆக வேண்டும். சொட்டவில்லை என்றால் அது உள்ளே வழிகிறது. சேறு, சருகு, சில சமயம் குளவிக்கூடு. கீழிருந்து வளையும் ஒயரை மெதுவாக விட்டோ, குறைந்த அழுத்தத்தில் காற்று அடித்தோ எடுத்துவிடலாம், சின்ன வேலை. மழையில் மட்டும் நனைந்தால் கதவு ரப்பர், கண்ணாடி ஓரம், சன்ரூஃப் குழாய் என்று தேட வேண்டும்.

பெரிய வேலை அதற்குப் பிறகுதான். மேட்டை எடுத்து வெயிலில் போட்டால் போதாது. கார்ப்பெட்டுக்கு அடியில் தடியான பஞ்சு இருக்கிறது, அது குடித்த தண்ணீர் வாரக்கணக்கில் நிற்கும். சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கிக் கட்டை முட்டுக் கொடுத்து, கதவுகளைத் திறந்து வைத்து நல்ல வெயிலில் காயவையுங்கள். அதைச் செய்யாமல் ஏசிக்கு எத்தனை செலவு செய்தாலும் வீண்.

செகண்ட் ஹேண்டில் கார் வாங்கினேன். பார்க்கப் புதிதாக இருந்தது. இப்போது ஏசி போடாவிட்டாலும் மக்கிய வாடை. ஃபில்டர், காயில் எல்லாம் பார்த்தாயிற்று.
- வாசகர், வேளச்சேரி

உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தேகம் உங்களுக்கும் வந்திருக்கும். 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், இரண்டிலும் மூழ்கிய கார்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. துடைத்து, பாலிஷ் போட்டு, வேறு மாவட்டம் போய்த் திரும்பி வந்தவையும் உண்டு.

முன்சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கறை கோடு போட்டது போல் இருந்தால் விஷயம் முடிந்தது. ஸ்டெப்னியைத் தூக்கி அதன் பள்ளத்தைப் பாருங்கள். சீட் நகரும் தண்டவாளத்தில், சீட்டுக்கு அடியிலுள்ள போல்ட்டுகளில் துரு இருக்கிறதா? டேஷ்போர்டுக்குக் கீழே ஃப்யூஸ் பெட்டியின் மூலையில் வண்டல் இருக்கிறதா? பழைய ஓனரின் இன்ஷூரன்ஸ் பாலிசி நகல் கையில் இருந்தால் அதில் நோ க்ளெய்ம் போனஸ், அதாவது பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, எத்தனை சதவீதம் என்று பாருங்கள். க்ளெய்மே போடாத ஓனருக்கு வருடா வருடம் 20, 25, 35, 45, 50 என்று ஏறிக்கொண்டு போகும். பல வருடம் வைத்திருந்தவருக்கு அது சைபர் என்றால், எதற்காக க்ளெய்ம் போட்டார் என்று கேட்க வேண்டிய இடம் அது.

வெள்ளக் கார்தான் என்று தெரிந்தால் வாடையை மறந்துவிட்டு ஒயரிங்கையும் ஏர்பேக் கனெக்டர்களையும் ஒரு நல்ல எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். நாற்றம் யாரையும் கொல்லாது. இவை அப்படியல்ல.

காரில் ஏசி முதன்முதலில் எப்போது வந்தது? அப்போதும் நாறியதா?
- கல்லூரி மாணவர், மதுரை

குறும்புதான் தம்பி. அமெரிக்காவின் பேக்கார்ட் கம்பெனி தன் 1940 மாடல் கார்களில் கொடுத்ததுதான் தொடக்கம். காயில் பின்சீட்டுக்குப் பின்னால் இருந்து டிக்கி இடத்தை அடைத்துக்கொண்டது. கம்ப்ரஸரைத் தனியாக நிறுத்த வழியே இல்லை. ஏசி வேண்டாம் என்றால் இன்ஜினை அணைத்து, பானட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும். தாம்பரத்துக்காரருக்கு நான் சொன்ன ஒரு பட்டன் வைத்தியம் அந்தக் காரில் நடக்காது. நாறியதா என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

வாடைக்குப் பெர்ஃப்யூம் வைத்தோம். இப்போது காரில் ஏறினாலே பையனுக்குத் தும்மல், சில நாள் இழுப்பும் வருகிறது. கற்பூரம் வைக்கச் சொல்கிறார்கள்.
- வாசகி, ஈரோடு

முதலில் பையனை டாக்டரிடம் காட்டுங்கள் அம்மா. பூஞ்சைத்தூள் ஆஸ்துமாவைக் கிளப்பும், பெர்ஃப்யூமும் சிலருக்குக் கிளப்பும். உங்கள் காரில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. பெர்ஃப்யூமை இன்றே எடுத்துவிடுங்கள். கற்பூரமும் வேண்டாம், குழந்தை வாயில் போட்டால் வலிப்பு வரை போகும். பாச்சை உருண்டை கூடவே கூடாது, மூடிய காரின் சூட்டில் அதன் ஆவி இன்னும் அதிகம். ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது உண்மையிலேயே ஆபத்து.

காயில் சுத்தமாகும் வரை, காரில் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கி, ப்ளோயரை முழு வேகத்தில் இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டு அப்புறம் பையனை ஏற்றுங்கள். டேஷ்போர்டில் சாமி படத்துக்குப் பூ வைப்பீர்களா? வையுங்கள், மறுநாள் எடுத்துவிடுங்கள். கண்ணாடிக்கு அடியிலுள்ள காற்றுத் துளைகளில் மல்லிகை உதிர்ந்து அழுகியதைப் பல கார்களில் பார்க்கிறேன். பின்சீட்டில் எப்போதோ பால் பாட்டில் கவிழ்ந்ததா என்பதையும் யோசித்துப் பாருங்கள். புளித்த பாலின் வாடைக்கு ஏசிதான் பழி சுமக்கும்.

ஏசியில் நாளுக்கு நாள் நாற்றம் கூடுகிறது. வெயிலில் நிறுத்தினால் உட்காரவே முடியவில்லை.
- வாசகர், காரைக்குடி

எலி செத்திருக்கிறது. பூஞ்சை வாடை கொஞ்ச நேரத்தில் அடங்கும், இது ஏறிக்கொண்டே போகும். ஃபில்டர் பெட்டி, ப்ளோயர் விசிறி, வைப்பர் ஜல்லடைக்கு அடியில், இந்த மூன்று இடத்தில் தேடச் சொல்லுங்கள். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். எலியின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கிருமிநாசினியால் நனைத்துத் துடைக்க வேண்டும், காற்று அடித்துப் பறக்கவிடக் கூடாது.

இனி வராமலிருக்க, காற்று உள்ளே வரும் வாயிலில் கம்பி வலை அடித்துக்கொள்ளுங்கள். வண்டியை அணைக்கும்போது உள்காற்றே சுற்றும் நிலையில் வைத்தால் பல மாடல்களில் அந்த வழி மூடியிருக்கும். இன்ஜினுக்குள் புகையிலை கட்டுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. காரம் போகும் வரை எலி வராது என்கிறார்கள், அதுவரை உங்களாலும் உள்ளே உட்கார முடியாது.

வாடை இனிப்பாக இருக்கிறது. கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய் படிந்தது போல் மங்கல்.
- வாசகர், குன்னூர்

இது பூஞ்சை கிடையாது. உங்கள் ஊரில் ஹீட்டர் போடுவீர்கள், அதன் காயில் ஒழுகுகிறது. கூலன்ட் டப்பாவில் அளவு இறங்குகிறதா பாருங்கள். கூலன்ட் விஷம். இன்ஜின் சூடேறிவிடாமல் காப்பதும் அதுதான், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். பெட்ரோல் வாடையோ ஒயர் கருகும் வாடையோ வந்தால் எனக்குக் கடிதம் எழுதாமல் வண்டியை உடனே நிறுத்துங்கள்.

டாக்ஸி ஓட்டுகிறேன் அண்ணா. வாடை என்று கஸ்டமர் ஸ்டார் குறைக்கிறார்கள். ஃபோம் ஸ்ப்ரே போதுமா, டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டுமா?
- வாசகர், கோயம்பேடு

பிரிப்பதற்கு முன்னால் பார்க்கச் சொல்லுங்கள் தம்பி. செல்போனில் இணைக்கிற சின்னக் கேமரா இப்போது பல ஏசி மெக்கானிக்குகளிடம் இருக்கிறது. ஃபில்டர் வழியாகவோ ப்ளோயர் பக்கத்திலிருந்தோ விட்டுக் காயிலின் முகத்தைப் படம் எடுத்துக் காட்டட்டும். தகடுகளுக்கு இடையே வெளிச்சம் தெரிந்தால் காயிலைச் சுத்தம் செய்கிற ஃபோம் போதும். முதலில் டிரெய்ன் பைப் திறந்திருக்கிறதா பார்த்து, ப்ளோயரை அணைத்து, காயில் மேல் படும்படி அடித்து, டின்னில் போட்டிருக்கும் நேரம் வரை விட்டு, கதவுகளைத் திறந்து வைத்து ஊத விட வேண்டும். ப்ளோயர் மோட்டார் மேலோ அதன் வேகத்தை மாற்றும் ரெசிஸ்டர் மேலோ அடித்தால் அது தனிச் செலவு.

தகடுகளை அழுக்கு மூடியிருந்தால் கழற்றித்தான் ஆக வேண்டும். உங்கள் மாடலில் க்ளவ் பாக்ஸ் பக்கமாகவே காயிலை உருவ முடியுமா என்று கேளுங்கள். முழு டேஷ்போர்டையும் இறக்கினால் ஏர்பேக் வேலை இருக்கிறது, மாட்டிய பிறகு கடகட சத்தமும் வரலாம். கழற்றினால் கேஸை மெஷினில் எடுத்து, ரப்பர் வளையங்களைப் புதிதாகப் போட்டு, குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து (வேக்கூம்), கிராம் கணக்கில் கேஸ் ஏற்ற வேண்டும். கேஸுக்குக் காசு கொடுப்பதில் நியாயம் உள்ள இடம் இதுதான். வீட்டு ஏசிக்கு அடிக்கும் ஆசிட், ப்ளீச்சிங், வாட்டர் வாஷ் கன் மூன்றையும் காயில் பக்கம் விடாதீர்கள். அலுமினியம் அரிக்கும், தகடு மடங்கும்.

இன்னொன்று. சவாரிக்கு நடுவே கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டுக்கொண்டு வண்டிக்குள்ளேயே தூங்குகிற பழக்கம் டாக்ஸிக்காரர்களிடம் அதிகம். வண்டி நின்ற இடத்தில் இன்ஜின் ஓடினால் புகை உள்ளே வர வாய்ப்பிருக்கிறது, கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. தூங்க வேண்டுமென்றால் இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டுத் தூங்குங்கள்.