அம்மாவிடம் கேட்டீர்களா?

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. மார்பகப் புற்றுநோய், கீமோ நடக்கிறது. புற்றுநோயாளிகளுக்கு உதவும் அறநிறுவனத்துக்காக ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் 10 கிலோமீட்டர் ஓடப்போகிறேன். 3,000 வெள்ளி திரட்ட வேண்டும். 800 தான் சேர்ந்திருக்கிறது. லிஃப்ட்வரை போவதென்றாலும் தலையில் துணி கட்டிக்கொள்ளும் அம்மா, முடியெல்லாம் கொட்டி உட்கார்ந்திருக்கும் படத்தைப் போட்டும் சொந்தக்காரர்கள் மனம் இரங்கவில்லை. அண்ணன் ‘விளம்பரம் தேடுகிறாய்’ என்கிறான். இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?
– வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: சொந்தக்காரர்கள் இருக்கட்டும். அந்தப் படத்தைப் போட அம்மாவிடம் கேட்டீர்களா?

கேட்டதாக ஒரு வார்த்தை இல்லை. லிஃப்டில் ஏறும் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிடக் கூடாது என்று துணி கட்டுகிறவர் அவர். அந்தத் தலையை நீங்கள் ஊருக்கே காட்டிவிட்டு, 800 வெள்ளி தானா என்று வருத்தப்படுகிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

கோயிலில் மொட்டை போடுவது நாமாக நேர்ந்துகொண்டு கொடுப்பது. கீமோவில் அப்படியா? காலையில் எழுந்தால் தலையணை உறையில் கொத்தாகக் கிடக்கும். சீப்பை வைத்தால் சீப்போடு வரும். தேக்கா சந்தையில் முழம் பேசிப் பூ வாங்கி வைத்த தலை அது. பெற்ற தாயின் மானத்தைக் காப்பது பிள்ளைகளின் முதல் கடமை. நிதி திரட்டுவதெல்லாம் அப்புறம்தான்.

புற்றுநோயால் ஒரு காலை இழந்த இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ் 1980இல் செயற்கைக் காலோடு கனடாவில் 143 நாள் ஓடினார், 5,373 கிலோமீட்டர். புற்றுநோய் ஆராய்ச்சிக்காகத்தான். ஆனால் அவர் காட்டியது தன் காலை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. உங்களுக்கு வேண்டியிருந்தது.

ஓடாதீர்கள் என்று சொல்லவில்லை. தாராளமாக ஓடுங்கள். படத்தை இன்றே எடுத்துவிட்டு, வேர்த்து விறுவிறுத்துப் பயிற்சி செய்யும் உங்கள் படத்தைப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியவர்களிடமும் அழிக்கச் சொல்லுங்கள். பணம் கேட்பதைப் பணமாகவே கேளுங்கள்: பொதுநல அமைப்பு என்ற தகுதி பெற்ற அறநிறுவனம் என்றால், கொடுக்கும் 100 வெள்ளிக்கு, வரி கணக்கிடும் வருமானத்தில் 250 வெள்ளியைக் கழித்துக்கொள்ளலாம். அதைச் சொன்னால் உங்கள் அண்ணனே காது கொடுப்பார்.

அம்மாவிடம் மறைக்காதீர்கள். வேறு யாராவது போனில் காட்டித் தெரிந்துகொள்வதைவிட நீங்களே சொல்வது மேல். இன்று இரவு சாப்பிட்டபின் பக்கத்தில் உட்கார்ந்து, ‘கேட்காமல் செய்துவிட்டேன் அம்மா’ என்று சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓட்டத்தன்று அவரும் வர ஆசைப்பட்டால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். கீமோவில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது கூட்டத்தில் தொற்று எளிதில் ஒட்டும். டாக்டர் சரி என்றால், கூட்டம் இல்லாத ஓரமாக நிழலில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுங்கள். துணியை அவர் வழக்கமாகக் கட்டுகிறபடியே கட்டிக்கொள்ளட்டும். அவரே கூப்பிடாமல் போனைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போகாதீர்கள்.