மலைச்சபையில் மாலை ஜெபம்: கேள்வி பதில்

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பக்கத்துத் தமிழ் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையார் கேட்ட கேள்விகள். பதில் சொல்பவர், எஸ்டேட் சபைகளில் நெடுங்காலம் உபதேசியாராக, அதாவது குருப்பட்டம் பெறாத சபை ஊழியராக, இருந்தவர்.

மூணாறிலிருந்து ஒரு கமிட்டி உறுப்பினர்: அண்ணாச்சி, எங்கள் ஐயருக்கு (குருவானவருக்கு) பல சபைகள். அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்து எங்களுக்கு மாதம் ஒரு ஞாயிறுதான். அன்றைக்கு ஆலயம் நிறைகிறது, மற்ற ஞாயிறுகளில் பாதிப் பெஞ்சு காலி. மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் வைத்தால் சபை உயிர்பெறுமா?

கூட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதில் தொடங்காதீர்கள். பந்தல், மைக்செட், வெளியூர்ப் பிரசங்கியாருக்கு ஜீப் என்று கமிட்டியின் பலமெல்லாம் அதிலேயே போய்விடும். நாலாம் நாள் அதே காலிப் பெஞ்சுதான்.

ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) வழியில் நமக்கு வந்த பெரிய சொத்து காலை ஜெபமும் மாலை ஜெபமும். அதை நடத்த ஐயர் வந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை. பாவமன்னிப்பு கூறுவது மட்டும் குருவானவருக்கு உரியது. அவர் இல்லாதபோது நடத்துகிறவர் 'எங்களை மன்னியும்' என்று தன்னையும் சேர்த்து ஒரு ஜெபமாகச் சொல்லிவிட்டு மேலே போகலாம். சங்கீதம், இரண்டு வேதபாடம், விசுவாசப் பிரமாணம், விண்ணப்பம் எல்லாம் சபையார் வாயில் இருக்க வேண்டியவை.

ஒரே ஒரு லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) தொடங்குங்கள். கொழுந்து எடுத்துத் திரும்பி, தண்ணீர் பிடித்து, உலையும் வைத்த பிறகு, ஏழு மணிக்கு. இருபது நிமிடம் போதும். பிரசங்கம் வேண்டாம். இரண்டே பேர் வந்தாலும் ஏழுக்குத் தொடங்குங்கள், ஆளுக்காகக் காத்திருக்காதீர்கள். 'அந்த வீட்டில் ஏழுக்கு ஜெபம் இருக்கும்' என்று லயத்தில் எல்லோருக்கும் நிச்சயமாகிவிட்டால், வராதவர்கூட வீட்டில் கஷ்டம் என்றால் முதலில் அங்கேதான் வருவார்.

பீர்மேட்டிலிருந்து ஓர் அக்கா: எழுதி வைத்ததைப் படிப்பது ஜெபமா என்று பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் என் நாத்தனார் கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மனசு வைக்காமல் படித்தால் அது ஜெபம் இல்லை, நாத்தனார் சொல்வது சரி. மனசு வைக்காமல் சொந்த வார்த்தையில் பேசினாலும் அதே கதிதான்.

1662ஆம் வருடத்து ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகம் 150 சங்கீதங்களையும் 30 நாளுக்கு, காலை மாலை என்று 60 பங்காகப் பிரித்து வைத்திருக்கிறது. இன்றைக்கு எனக்குப் பிடித்த சங்கீதம் எது என்று யாரும் கேட்பதில்லை. சந்தோஷமாக இருக்கிற நாளில் புலம்பல் வரும், அழுகிற நாளில் துதி வரும். அப்படித்தான் அடுத்த லயத்துக்காரரின் துக்கத்தையும் நம் வாயால் சொல்லப் பழகுகிறோம்.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களைக் கொண்டுபோனது. 70 பேரை இழந்தோம். அந்த அட்டவணையில் ஆறாம் தேதி மாலைக்கு உரியவை 32 முதல் 34 வரை. நொறுங்குண்ட இருதயமுள்ளவர்களுக்குக் கர்த்தர் சமீபமாயிருக்கிறார் என்று சொல்லும் 34ஆம் சங்கீதம் ஒவ்வொரு வருடமும் அந்த மாலையில் தானாக வந்து நிற்கிறது. யாரும் தேடி எடுத்து வைத்ததல்ல. தொண்டை அடைத்துச் சொந்த வார்த்தை வராதவர்கள் அதைச் சேர்ந்து சொல்ல முடியும் அக்கா. நாத்தனாரையும் ஒருநாள் மாலை கூட்டி வாருங்கள்.

வண்டிப்பெரியாரிலிருந்து ஒருவர்: கமிட்டித் தேர்தலுக்குப் பிறகு இரண்டு கட்சியாக நிற்கிறோம். சேர்ந்து ஜெபிப்பது எப்படி?

திருவிருந்தில் சமாதானம் கொடுக்கிறோமே, கைக்குள் கை வைத்து, அது 1950ஆம் வருடத்து சி.எஸ்.ஐ. ஆராதனை முறையில் சபையார் எல்லோருக்குமாக வந்தது. இந்தக் கேரளத்துச் சுரியானி சபைகளின் வழக்கத்திலிருந்து எடுத்தது. பக்கத்தில் இருப்பவருக்கே கொடுத்து முடித்துவிடாதீர்கள். பெஞ்சைத் தாண்டிப் போய்க் கொடுங்கள். அதற்கு மனசு வராவிட்டால் ஞாயிறுக்கு முன்பே அவர் வீட்டுக்குப் போங்கள்.

தேவிகுளம், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை: திடப்படுத்தல் (பிஷப் கை வைத்து விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு) முடிந்ததும் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள். வகுப்பைக் கூட்டவா?

வகுப்பைக் கூட்டாதே தங்கச்சி, ஆளைச் சேர்த்துவிடு. ஞானஸ்நானத்தில் நிற்கும் ஞானப்பெற்றோர் பலர் போட்டோ எடுத்ததோடு சரி. ஒவ்வொரு பிள்ளைக்கும் சபையில் பெரியவர் ஒருவரைப் புதிதாகப் பொறுப்பாக்கு. வாரம் ஒருநாள் சேர்ந்து உட்கார்ந்து ஞாயிறு சுவிசேஷத்தை மட்டும் இரண்டு தரம் வாசிக்கட்டும், எந்த வசனம் நெஞ்சில் நின்றது என்று இருவரும் சொல்லட்டும். கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் கால இரண்டாம் ஞாயிறு ஜெபம், 1549இல் இங்கிலாந்துப் பேராயர் கிரான்மர் ஜெபப்புத்தகத்தில் சேர்த்தது, வேதத்தைக் கேட்டு, வாசித்து, கற்று, உள்ளே ஜீரணிக்க வரம் கேட்கிறது. நாம் வாசிப்பதோடு நின்றுவிடுகிறோம். அப்புறம், வேதபாடம் வாசிப்போர் முறைப்பட்டியலில் பிள்ளையின் பெயரையும் எழுதிவிடு. எழுத்துக்கூட்டி வாசித்தாலும் பரவாயில்லை.

மூணாறிலிருந்து ஒரு தம்பி: எங்கள் எஸ்டேட்டில் இப்போது ஜார்க்கண்ட், அஸ்ஸாம் ஆட்கள் அதிகம். சிலர் கழுத்தில் சிலுவை இருக்கிறது. ஆலயத்துக்கு வந்தால் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பாஷையும் தெரியவில்லை.

முதலில் எந்தச் சபை என்று கேளுங்கள். ஜார்க்கண்ட் பக்கத்துச் சோட்டாநாகபுரி 1890இலேயே ஒரு பிஷப்பின் கீழ் தனி ஆங்கிலிக்கன் பேராயம் ஆனது. 1970இல் வட இந்தியத் திருச்சபையோடு இணைந்தது. அந்தத் திருச்சபைக்காரர் என்றால் நம் திருவிருந்துப் பந்தி அவருக்கும் சொந்தப் பந்தி. ஐயரிடம் சொல்லிப் பெயரைச் சபைக் குடும்பங்களோடு எழுதச் செய்யுங்கள். லூத்தரன் பிள்ளைகளும் இருப்பார்கள், அவர்களையும் வெளியாளாக நிறுத்தாதீர்கள்.

வாசலில் கட்டன்சாயா கொடுப்பது நல்லதுதான், ஆனால் அதோடு விட்டால் போதாது. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிடுங்கள். அசனம் (சபை விருந்து) வைக்கும்போது அவர்களைப் பந்தியில் உட்கார வைப்பதோடு, அடுத்த பந்திக்குச் சாம்பார் வாளியை அவர்கள் கையில் கொடுங்கள். எப்போதும் பரிமாறப்படுகிறவன் விருந்தாளியாகவே இருப்பான். பரிமாறுகிறவன்தான் வீட்டுக்காரன். ஒரு வேதபாடத்தை அவர்கள் இந்தியில் வாசிக்கட்டும், நாம் தமிழ் வேதத்தைத் திறந்து வைத்துப் பின்தொடரலாம்.

வரும் விருந்தினர் எல்லோரையும் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்று பழங்காலத் துறவி பெனடிக்ட் எழுதிய துறவற ஒழுங்கு 53ஆம் அதிகாரத்தில் சொல்கிறது. நமக்கு அது புரியாத காரியம் இல்லை. 1910இல் அடிக்கல் வைத்த மூணாறு கிறிஸ்து ஆலயத்தின் சுவரில் பித்தளைத் தகடுகளில் இருப்பது தோட்டத் துரைமார் பெயர்கள். நம் தாத்தா பாட்டி அவர்களிடம் கூலிக்கு வந்தவர்கள். இன்று அந்தச் சுவர்களுக்குள் தமிழில் பாடுகிறோம். வெளியூர்க்காரனாக நிற்பது எப்படி என்று நம் வீட்டிலேயே கேட்டால் சொல்வார்கள்.

அதே தம்பி: மாலை ஜெபத்தை எப்போது தொடங்கலாம்?

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் நல்ல நாள். 40 நாளுக்கு என்றால் ஆட்கள் தைரியமாகப் பெயர் கொடுப்பார்கள், மழையும் அதற்குள் வராது. ஆனால் குருத்தோலை ஞாயிறுக்கு முன்பே, ஈஸ்டருக்குப் பிறகு யார் வீட்டில், யார் நடத்துவது என்று பேசி முடிவு செய்துவிடுங்கள்.